நம்பர் துண்டு பதினேழு

கந்தப்பளையில் விடியக் கிளம்பி
லீக்ஸ் லொறியின் முன்சீட்டில்
மடியில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு
நுவரெலியா வந்தேன்.
பெட்டிக்குள் சீமெந்து.
சாம்பல் நிறம், அதனால் அந்தப் பேர்.
கினிப்பன்றி என்று சொன்னால்
லொறிக்காரர் மிளகாய்த்தூள் அளவு கேட்பார்.
அதனால் "எலி மாதிரிங்க" என்று
சொல்லிவைத்தேன்.

மிருக வைத்தியர் வாசல் வாங்கில்
செவ்வாய்க்கிழமைக் கூட்டம், அதே ஆட்கள்.
"வந்துட்டாரு சீமெந்து முதலாளி.
இன்னைக்கு மூட்டை என்ன விலை?"
பெனடிக்டா அக்கா ஆரம்பித்துவிட்டார்.
அவர் கூட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ்.
காதலைத்தான் காணோம்,
ஒன்று மற்றதன் வாலைப் பிடுங்கியிருந்தது.
"பிரிச்சு வைங்க அக்கா, கோர்ட் செலவு மிச்சம்"
என்றான் போன் திருத்தும் ஃபர்ஸான்.
அவனுடைய ஹாம்ஸ்டர்
ராத்திரி முழுக்கச் சக்கரம் ஓட்டுமாம்.
"அதுல கரண்ட் எடுத்து
எங்க லயத்துக்கு ஒரு வயர் இழுடா."

இடையிடையே வைத்தியமும் நடந்தது.
சொறிக்குக் கற்பூரம் என்றார் புதிதாய் வந்த ஒருவர்.
சொறியோடு மூச்சும் போகும் என்றார் குசும்.
பாண் வேண்டாம், புல் போடு.
கோவா குறை, வயிறு ஊதும்.
முரசில் ரத்தமா, கொய்யாப்பழம் குடுத்துக்கொண்டே டொக்டரிடம் காட்டு.
கீரையை மூன்று தண்ணீரில் கழுவு என்றது நான்.
அதில் என்ன மருந்து அடித்திருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
அடித்தவன் நான்தான்.

தவச்செல்வம் மட்டும் பேசவில்லை.
சூன் பாண் ஆட்டோ ஓட்டுகிறவர்,
அவர் வந்தால் வாங்கே குலுங்கும்.
இன்று சாக்குத் துணியில் சுற்றிய வெள்ளை முயலை,
மேயரை,
நெஞ்சோடு பிடித்தபடி சுவரைப் பார்த்திருந்தார்.

"நேத்துப் பகல்ல இருந்து தின்னல.
கேரட் காட்டினேன். திரும்பிப் படுத்துக்கிட்டான்."

"புழுக்கை?"

"இல்ல."

யாரும் சிரிக்கவில்லை அதற்கு.
கேரட் விளையும் ஊரில்
கேரட்டை மறுக்கும் முயல்.

லபுக்கலையில் மண் சரிந்து
டொக்டர் நடுவழியில் நின்றார்.
ஃபர்ஸான் போனை ஸ்பீக்கரில் போட்டான்.
வயிறு கல் மாதிரியா, மெத்தென்றா?
மெத்தென்று.
சூடு கொடுங்கள், மெதுவாகத் தடவுங்கள்,
வாயில் எதையும் திணிக்காதீர்கள்,
வந்துகொண்டே இருக்கிறேன்.

தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணீர் வாங்கி
சோடா போத்தலில் அடைத்து
குசும் தன் குல்லாவைக் கழற்றி அதற்குப் போட்டார்.
பெனடிக்டா அக்கா
பச்சைப் புள்ளைக்கு வாயு பிடித்தால் தடவுவதுபோல்
இரண்டு விரலால் தடவினார்.
என்னைக் காது வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.
முதலில் ஒன்றுமில்லை.
ரோமம், சூடு, என் காதே எனக்குக் கேட்டது.
பிறகு, எங்கோ தூரத்தில்
இரண்டாம் கியரில் மேடு ஏறும் லொறி.

"ஓடுது" என்றேன்.

தவச்செல்வம் நம்பவில்லை.
தானும் காது வைத்தார். எடுக்கவேயில்லை.

பத்தே முக்காலுக்கு,
சாக்குத் துணியில்,
ஒரு மிளகு.

"ஆவா! ஆவா!" என்று குசும் எழும்பினார்.
ஃபர்ஸான் படம் எடுத்தான்.
புதிதாய் வந்தவர், கற்பூரக்காரர்,
எட்டிப் பார்த்துக் கைதட்டினார்.
புழுக்கைக்குக் கைதட்டும் கூட்டத்தை
ரோட்டில் போன பொலிஸ்காரர்
நின்று பார்த்துவிட்டுப் போனார்.

டொக்டர் முழங்கால்வரை சேற்றோடு வந்தார்.
மேயரை முதலில் உள்ளே எடுத்தார்.
கடைவாய்ப் பல் நீண்டு நாக்கைக் குத்தியிருக்கிறதாம்.
அராவினால் சரியாகும்,
இரவுக்கு இங்கேயே இருக்கட்டும்.

"பதினேழு!"

நான் பெட்டியைத் திறந்தேன்.
துண்டை அதற்குள்தான் வைத்திருந்தேன்.
சீமெந்து நிமிர்ந்து பார்த்தது.
வாயோரத்தில் ஒரு வெள்ளை மூலை,
அதில் பாதி ஏழு.

"பசி நல்லாத்தான் இருக்கு" என்றார் தவச்செல்வம்,
அன்றைக்கு முதல் முறையாக.
"கடைசியில போய் நில்லுங்க, முதலாளி."